அங்குலத்துக்கு ஆறடி



பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியிற் பேச வந்தால் கல்வியைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவற்றுள் ஒன்றன்று. பிளாஸ்டிக் துண்டுகளைப் பசையிட்டுப் பொருத்திச் சின்னஞ்சிறு விமானங்களை உருவாக்கும் பொழுதுபோக்கைப் பற்றி, அதிலும் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் விற்பனைக்கு வந்த பழைய பெட்டிகளை இன்று திறந்து பொருத்துவதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விழைகிறேன். ஐம்பது வயதைக் கடந்த மனிதருக்கு இது தகுமா என்று என் மனைவியார் ஒருநாள் கேட்டார். அவருக்கு அன்று ஒழுங்காக விடை சொல்ல என்னால் இயலவில்லை. அந்த விடையைத் தேடியதன் பயனே இந்தப் பேச்சு என்று கொள்ளுங்கள்.

என் தாய்மாமன் நெடுங்காலம் இங்கிலாந்தில் வாழ்ந்தவர். அவர் காலமானபின், மாமி ஒரு மட்டைப்பெட்டியை ஊருக்கு வந்த உறவினர் ஒருவரிடம் எனக்குக் கொடுத்தனுப்பினார். எயார்பிக்ஸ் என்னும் பிரித்தானிய நிறுவனம் 1960-களில் வெளியிட்ட கற்றலினா என்ற கடல் விமானத்தின் மாதிரி அதனுள்ளே இருந்தது. பெட்டியின் மூடி வெளிறியிருந்தது; உள்ளேயிருந்த துண்டுகள் ஒன்றேனும் வெட்டப்படாமல் அப்படியே இருந்தன. தொலைபேசியில் மாமி சொன்னார்: “தம்பி, உம்முடைய மாமா ஓய்வு பெற்ற பிறகு செய்வேன், ஓய்வு பெற்ற பிறகு செய்வேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஓய்வும் பெற்றார். அதற்குள் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. நீராவது செய்யும்.”

இவ்விடயம் தெரிந்த நண்பர் ஒருவரோ வேறு ஆலோசனை சொன்னார். பழைய பெட்டி தொடப்படாமல் இருக்கும் வரைக்கும்தான் அதற்கு மதிப்பு. ஒரு துண்டை வெட்டி எடுத்தாலும் சேகரிப்போர் அதை ஏறெடுத்தும் பாரார். ஆகையால் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள் என்றார். பொருத்துவதா, பூட்டி வைப்பதா என்ற இந்தக் கேள்வி பல மாதங்கள் என் மேசைமேல் அந்தப் பெட்டியோடு சேர்ந்து கிடந்தது.

இப்பொழுதுபோக்கை அறியாத நேயர்களுக்காக அதன் அமைப்பை முதலிற் கூறிவிடுகிறேன். பெட்டியைத் திறந்தால் உள்ளே விமானம் இராது. பூசணிக் கொடியிற் பிஞ்சுகள் தொங்குவதுபோல, மெல்லிய பிளாஸ்டிக் கொடிகளில் இறகின் மேற்பாதி, கீழ்ப்பாதி, உடலின் இடப்பாதி, வலப்பாதி, விசிறி, சக்கரம், விமானி எனப் பல துண்டுகள் தொங்கிக்கொண்டிருக்கும். கண்ணாடி போன்ற தெளிந்த துண்டுகள் சில தனியே இருக்கும். நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள் ஒரு தாளில் இருக்கும். எதை எதனுடன் எந்த ஒழுங்கிற் பொருத்துவது என்பதைக் காட்டும் விளக்கத் தாள் ஒன்றும் இருக்கும். பசையும் வர்ணமும் பெரும்பாலும் நாமே தேடிக்கொள்ள வேண்டியவை.

இம்மாதிரிகளின் அளவு மனம்போன போக்கில் அமைந்ததன்று. மிகப் பழமையானதும் இன்றுவரை பெருவழக்கில் உள்ளதுமான அளவு எழுபத்திரண்டில் ஒரு பங்கு. உண்மையில் ஆறடியாக இருப்பது மாதிரியில் ஓரங்குலமாகிறது. ஆறடி உயரமான விமானி ஓரங்குல மனிதராகிவிடுகிறார். ஓர் இறகு நுனியிலிருந்து மறு நுனிவரை 104 அடி அகலமுடைய கற்றலினா 17 அங்குலத்துக்குச் சற்றே கூடிய உருவத்தோடு மேசைமேல் வந்து அமர்கிறது. அங்குலத்துக்கு ஆறடி என்னும் இந்தக் கணக்கு அடியும் அங்குலமும் வழங்கிய நாட்டிலேதான் தோன்றியிருக்க முடியும். 1930-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஹே ஸ்ரீவன்ஸ் என்னும் ஆங்கிலேயர் ஸ்கைபேர்ட்ஸ் என்ற பெயரில் மரத்தாலான மாதிரிகளை இந்த அளவிலே வெளியிட்டார். பின் வந்தோர் அவரைப் பின்பற்றினர்.

பிளாஸ்டிக் வந்தது 1936 ஆம் ஆண்டில். இங்கிலாந்தில் புரொக் என்ற பெயரில் பறக்கும் மாதிரி விமானங்களை விற்றுவந்த நிறுவனம் ஒன்று இருந்தது. தரையிலிருந்து நேரே எழுந்து பறப்பது என்னும் கருத்துடைய நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து, தவளை எனப் பொருள்படும் அந்தப் பெயரை அவர்கள் அமைத்திருந்தனர். பறக்காமல் மேசைமேல் இருக்கும் மாதிரிகளைப் பிளாஸ்டிக்கில் வெளியிட்டபோது, பறக்க முடியாத பறவையாகிய பென்குயினின் பெயரை அவற்றுக்குச் சூட்டினர். ஆங்கிலேயரின் நகைச்சுவைக்கு இது நல்ல உதாரணம். ஆனால் அக்காலப் பிளாஸ்டிக் செலுலோசு அசெற்றேற்று என்னும் வகையைச் சேர்ந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது வாடிய வாழையிலைபோல வளைந்துவிடும். பென்குயின் மாதிரிகளிற் பல இன்று கோணிப்போய்க் காணப்படுவது இதனாலேயே.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் பொலிஸ்ரைரீன் என்னும் வேறொரு பிளாஸ்டிக் இத்தொழிலில் நிலைபெற்றது. அதன் மணிகளைச் சூடாக்கி உருக்கி, உருக்கு அச்சுக்குள் பேரழுத்தத்துடன் செலுத்தினால், ஆறியதும் துண்டுகள் கொடியோடு வெளிவரும். எயார்பிக்ஸ் நிறுவனத்தை 1939 இல் ஆரம்பித்தவர் நிக்கொலஸ் கோவ் என்னும் ஹங்கேரி நாட்டவர். அவர் முதலிற் செய்தவை காற்றடைத்த இறப்பர் விளையாட்டுப் பொருள்கள். பின்னர் தலைவாரும் சீப்புகளைப் பெருந்தொகையாகச் செய்தார். 1949 இல் உழவு இயந்திர நிறுவனம் ஒன்றின் விளம்பரத்துக்காகச் செய்த சிறு உழவு இயந்திரமே அவர்களது முதல் மாதிரி. 1950-களில் டிரேக் என்ற மாலுமியின் கப்பலாகிய கோல்டன் ஹைண்டைத் துண்டுகளாகப் பையிலிட்டு, வூல்வேர்த் கடைகளில் இரண்டு சிலிங்குக்கு விற்றனர். அதன்பின் ஸ்பிற்பயர் போர்விமானம் வந்தது. பள்ளிப்பிள்ளையின் கைச்செலவுப் பணத்துக்குள் அடங்கிய அந்த விலையே இப்பொழுதுபோக்கை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அமெரிக்காவில் றெவெல், மொனோகிராம், ஒறோறா முதலிய நிறுவனங்களும், யப்பானில் 1960 முதல் தமியாவும் இதே வழியில் வளர்ந்தன. இரண்டு சிலிங்குப் பையை விற்ற வூல்வேர்த் கடைகள் பிரித்தானியாவில் 2009 சனவரியோடு முற்றாக மூடப்பட்டுவிட்டன. அப்பைகளில் வந்த விமானங்கள் எத்தனையோ வீடுகளில் இன்னும் இருக்கின்றன.

அச்சுகளின் வரலாறும் கேட்கத்தக்கது. உருக்கு அச்சு ஒன்றை வெட்டுவது பெருஞ்செலவான வேலை. ஆகவே ஒருமுறை வெட்டிய அச்சைப் பல பத்தாண்டுகள் பயன்படுத்துவர். நிறுவனம் நொடித்தால் அச்சு வேறொருவர் கைக்குப் போகும். புரொக் நிறுவனம் 1970-களின் நடுப்பகுதியில் இத்தொழிலைக் கைவிட்டபோது அதன் அச்சுகளிற் பெரும்பாலானவை சோவியத் ஒன்றியத்துக்குச் சென்றன. ஜேர்மனிய, யப்பானிய போர் விமானங்களின் அச்சுகளைச் சோவியத் தரப்பு ஏற்கவில்லை. அவை றெவெல் நிறுவனத்தைச் சேர்ந்தன. போர் முடிந்து முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் விளையாட்டுப் பொருளில் எதிரியின் விமானம் எதிரியின் விமானமாகவே இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். பழைய மாதிரியை வாங்க விரும்புவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். பெட்டி புதியதாக இருந்தாலும் உள்ளேயிருப்பது 1950-களில் வெட்டிய அச்சின் குழந்தையாக இருத்தல் கூடும்.

இனி, ஆசிரியன் என்ற முறையில் என்னைக் கவர்ந்த ஒரு செய்தி. 1942 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்கக் கடற்படைச் செயலாளர் பிராங்க் நொக்ஸ், ஐந்து இலட்சம் மாதிரி விமானங்களைச் செய்து தரும்படி அந்நாட்டுப் பாடசாலை மாணவர்களைக் கேட்டார். ஐம்பது வகை விமானங்கள்; வகைக்குப் பத்தாயிரம். அவை மரத்திற் செதுக்கிக் கருமை பூசப்பட்டவை. அளவோ அதே எழுபத்திரண்டில் ஒரு பங்கு. எதற்காக? வானில் வருவது நண்பனின் விமானமா, பகைவனின் விமானமா என்று போர்வீரர் நொடிப்பொழுதில் இனங்காணப் பழகுவதற்காக. இந்த அளவிலான மாதிரியை 35 அடி தூரத்திலிருந்து பார்த்தால், உண்மை விமானத்தை ஏறக்குறைய அரை மைல் தூரத்திற் காண்பதற்குச் சமம். 35 ஐ 72 ஆற் பெருக்கிப் பாருங்கள். 2,520 அடி வரும். வகுப்பறையின் ஒரு முனையில் நின்று மறு முனையில் தொங்கும் மரத்துண்டைப் பார்த்து உயிர் காக்கும் பாடத்தைக் கற்றார்கள். இச்செய்தியை மனத்தில் வைத்திருங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

எனக்கும் இக்கலைக்கும் உறவு ஏற்பட்டது பன்னிரண்டாம் வயதில். விடுமுறையில் வந்த மாமா ஒரு ஸ்பிற்பயர் மாதிரியை எனக்குத் தந்தார். அன்று மாலை நான்கு மணிக்குப் பையைப் பிரித்தேன். ஏழு மணிக்கு முடித்துவிட்டேன். விளக்கத் தாளை நான் வாசிக்கவே இல்லை. பசை நூலாம்படைபோல எங்கும் இழுபட்டது. இறகுகள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நின்றன. எல்லாவற்றிலும் கொடியது, விமானியின் தலைக்கு மேலுள்ள தெளிந்த மூடியைப் பசை பட்ட பெருவிரலாற் பிடித்ததுதான். என் விரலின் இரேகை அந்த மூடியில் அழியாமற் பதிந்துவிட்டது. மாமா அதைக் கையில் வாங்கி, விளக்கு வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்துவிட்டு, “யார் செய்தது என்று கையெழுத்தே போட்டுவிட்டாய்” என்று சிரித்தார். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. அதன்பின் நான் அழுதது அவருக்குத் தெரியாது.

அந்த இரேகை ஏன் அழியவில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன். மரத்தை ஒட்டும் பசை இரு பலகைகளுக்கிடையே நின்று அவற்றைப் பற்றிக்கொள்கிறது. பொலிஸ்ரைரீனுக்குரிய பசையோ பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே கரைக்கிறது. கரைந்த இரு பரப்புகளும் ஒன்றோடொன்று கலந்து, கரைதிரவம் ஆவியானதும் ஒரே துண்டாக இறுகுகின்றன. ஆகவே அதிகம் பூசினால் துண்டு உருகிக் கெடும். தவறாகப் பொருத்தினாற் பிரித்தெடுத்தல் அரிது. பசையைப் பூசுமுன் துண்டுகளை வெறுமனே சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று இக்கலையின் மூத்தோர் வற்புறுத்துவது இதனாலேயே. பசையின் ஆவி உடலுக்குத் தீங்கானது. யன்னலைத் திறந்துவைத்தே வேலைசெய்ய வேண்டும் என்பதையும் இளைஞர்களுக்குக் கூறிவைக்கிறேன்.

இந்த முறை நான் அவசரப்படவில்லை. ஆம், நேயர்களே, பெட்டியைத் திறந்துவிட்டேன். ஏன் திறந்தேன் என்பதைச் சற்றுப் பின்னர் சொல்கிறேன். முதலில் துண்டுகளைக் கொடியோடு இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரிற் கழுவி உலரவைத்தேன். அச்சிலிருந்து துண்டு எளிதிற் கழன்று வரும்பொருட்டுத் தடவும் நெய்ப்புப்பொருள் அதில் ஒட்டியிருக்கலாம். அதன்மேல் வர்ணம் பிடிக்காது. பின்னர் ஒவ்வொரு துண்டையும் கூரிய கத்தியால் வெட்டியெடுத்து, வெட்டிய இடத்தை நுண்ணிய அரத்தாளால் தேய்த்தேன். அச்சின் இரு பாதிகள் நெருங்கிப் பொருந்தாத இடங்களிற் பிளாஸ்டிக் பிதுங்கி, அப்பத்தின் ஓரம்போல மெல்லிய தகடாக நிற்கும். பழைய மாதிரிகளில் இது பெருவழக்கு. அதையும் சுரண்டி எடுக்கவேண்டும். உடலின் இரு பாதிகளையும் சேர்த்து, இறப்பர் வளையங்களால் இறுக்கி, ஒரு நாள் முழுவதும் தொடாமல் வைக்கவேண்டும். அந்த ஒரு நாள் இருக்கிறதே, அதுதான் மிகக் கடினமான வேலை. இணைப்பிலே தெரியும் பள்ளத்தை மக்கு வைத்து நிரப்பி, உலர்ந்தபின் தேய்க்கவேண்டும். ஒரு மாலையில் ஒரு வேலைக்கு மேற் செய்வதில்லை என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன்.

சின்னத்தாள் ஒரு தனிச்சோதனை. ஐம்பது ஆண்டு கடந்தபின் அதன் பசைப்படலம் தேநீர்க் கறைபோலப் பழுப்பாகிவிடும். அதை வெயில் படும் யன்னற் கண்ணாடியில் ஒட்டிச் சில நாள்கள் வைத்தால் பழுப்பு வெளிறும். என் தாள் ஒரு கிழமையிற் பெரும்பாலும் வெளிறிவிட்டது. பின்னர் தேவையற்ற ஓர் எழுத்தை மட்டும் வெட்டி நீரில் இட்டுப் பார்த்தேன். அது காய்ந்த பலாவிலைபோல மூன்றாக உடைந்தது. ஆகவே தாள் முழுவதன்மேலும் மெல்லிய வார்னிஷ் பூசி உலரவைத்து, அதன் பின்னரே ஒவ்வொரு சின்னமாக வெட்டி நனைத்தேன். பழைய பொருளோடு பழகுவோர் முதலிற் சிறு துண்டிற் சோதித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். புதிய மாணவனிடம் பழகும் ஆசிரியருக்கும் இது பொருந்தும்.

பழைய மாதிரிகளில் இன்னொரு குறையைக் கூறுவர். அக்கால அச்சு வெட்டுநர், தகடுகளை இணைக்கும் தறையாணிகளை மேடாகப் புடைக்கவிட்டு ஆயிரக்கணக்கிற் பதித்தனர். அரை மில்லிமீற்றர் அகலமான ஒரு புடைப்பை எழுபத்திரண்டாற் பெருக்கினால் 36 மில்லிமீற்றராகிறது. உண்மை விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை அங்குலத் தலையுடைய ஆணிகளா இருந்தன? இல்லை. இரும்புப் பாலத்துக்குத்தான் அத்தகைய ஆணி பொருந்தும். ஆகவே இன்று பலர் அவற்றை முழுவதும் தேய்த்துவிட்டு, ஊசியாற் புதிய கோடுகளைக் கீறுகின்றனர். நானும் அரத்தாளைக் கையில் எடுத்தேன்; பின் கீழே வைத்துவிட்டேன். கணினி இல்லாத காலத்தில் ஒரு தொழிலாளி பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உருக்கில் இட்ட புள்ளிகள் அவை. அவருக்குத் தெரிந்தவாறு அவர் அந்த விமானத்தைச் சொல்லியிருக்கிறார். அதை அழித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் வேறொரு திருத்தத்தை நான் செய்தேன். அதற்குக் காரணம் நமது நாட்டு வரலாறு.

1942 ஏப்ரல் 4 ஆம் நாள் விடியுமுன், காலிக்கு அண்மையிலுள்ள கொக்கல வாவியிலிருந்து ஒரு கற்றலினா புறப்பட்டது. அதைச் செலுத்தியவர் கனடா விமானப்படையைச் சேர்ந்த லெனார்ட் பேர்ச்சல். இலங்கைக்கு வந்து இரண்டே நாள்கள் ஆனவர். அவருடன் சேர்த்து ஒன்பது பேர் அதில் இருந்தனர். நாள் முழுவதும் தென்கிழக்குக் கடலைச் சுற்றிவிட்டு, மாலையில் அவர்கள் கண்டது இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த யப்பானியக் கப்பற்படையை. கப்பல்களை எண்ணிக் கொழும்புக்கு வானொலிச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே, யப்பானியப் போர்விமானங்கள் அவர்களைச் சுட்டு வீழ்த்தின. மூவர் இறந்தனர், அறுவர் சிறைப்பட்டனர். அனுப்பிய செய்தி கொழும்பை எட்டியது. மறுநாள், உயிர்த்த ஞாயிறு அன்று, குண்டுவீச்சு நிகழ்ந்தபோது துறைமுகத்திலிருந்த கப்பல்களிற் பல முன்னரே வெளியேறிவிட்டன. பேர்ச்சல் போர் முடியும்வரை யப்பானியச் சிறையில் இருந்து, உயிரோடு மீண்டு, 2004 இற் காலமானார்.

என் பெட்டியிலிருந்த கற்றலினா தரையிலும் இறங்கவல்ல, சக்கரமுடைய பிற்கால வகை. பேர்ச்சலின் கற்றலினாவுக்குச் சக்கரம் இல்லை. நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும்புவது அது. கரையேற்ற வேண்டுமானாற் சக்கரச் சட்டங்களை வெளியிலிருந்து மாட்டவேண்டும். அந்த ஒன்பது பேரின் விமானத்தை நினைத்துச் செய்வதானால், உடலின் இரு பக்கத்திலுமுள்ள சக்கரக் குழிகளையும் மூக்கின் கீழுள்ள குழியையும் மூடியாக வேண்டும். பிளாஸ்டிக் தகட்டை வட்டமாக வெட்டி வைத்து, மக்குப் பூசி, தேய்த்து, மீண்டும் பூசி, மீண்டும் தேய்த்தேன். மூன்று கிழமைகள் சென்றன. தறையாணிகளை விட்டுவைத்தவன் சக்கரத்தை ஏன் எடுத்தான் என்று நீங்கள் கேட்கலாம். தறையாணி, செய்தவர் பேசிய முறை. சக்கரமோ வேறொரு விமானத்துக்கு உரியது. நான் நினைக்க விரும்பிய விமானம் கொக்கல வாவியில் மிதந்தது.

இனி என் மனைவியார் கேட்ட கேள்வியின் மறுபாதிக்கு வருகிறேன். வயதைப்பற்றிக் கேட்டது முதற்பாதி மட்டுமே. “விமானத்தைக் கண்டு நீங்கள் ஓடிய ஓட்டம் போதாதா? வேறு விளையாட்டுப் பொருள் கிடைக்கவில்லையா?” என்பதே அவர் உண்மையாகக் கேட்டது.

நேயர்களே, வடக்கிலே போர் நடந்த ஆண்டுகளில் நான் இளம் ஆசிரியன். வானில் இரைச்சல் கேட்டதும் வகுப்பை நிறுத்திப் பிள்ளைகளைப் பதுங்கு குழிக்குள் இறக்கியவர்களுள் நானும் ஒருவன். எட்டு வயதுப் பிள்ளைகள் இரைச்சலைக் கொண்டே இன்ன விமானம் என்று சொல்லிவிடுவர். எந்தப் பாடத்திட்டமும் அவர்களுக்கு அதைக் கற்பிக்கவில்லை. 1942 இல் அமெரிக்கச் சிறுவர் மரத்திற் செதுக்கி அறிந்ததை, எங்கள் சிறுவர் குழிக்குள் குந்தியிருந்து அறிந்தனர். அத்தகைய ஒருவன் போருக்குச் சென்ற விமானத்தின் உருவத்தை ஆசையோடு செய்து மேசைமேல் வைப்பது முறையா? இக்கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட என்னால் இயலாது. இத்தொழிலிலுள்ளோரும் இதை உணர்ந்தே இருக்கின்றனர். ஜேர்மனியில் விற்கப்படும் பெட்டிகளில் நாற்சிக் கட்சியின் சின்னம் இடம்பெறுவதில்லை. ஒரு காலத்தில் எயார்பிக்ஸ் பெட்டி மூடிகளில் தீயும் வெடிப்பும் பறக்கும் ஓவியங்களை மாற்றி, அவற்றை நீக்கி வெளியிட்டதும் உண்டு.

என் விடை இது. நான் அஞ்சிய விமானத்தை நான் ஒருபோதும் கண்டதில்லை. அது இரைச்சலாகவும் நிழலாகவும் மட்டுமே என்னிடம் வந்தது. குழிக்குள் இருப்பவன் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இந்த மாதிரியைச் செய்தபோதுதான் விமானம் என்பது பலகையும் தகடும் ஆணியுமாக மனிதர் பொருத்திய பொருள் என்பதை என் விரல்கள் அறிந்தன. ஓரங்குல மனிதனைச் சாவணத்தாற் பிடித்து இருக்கையில் வைத்தபோது, அத்துணைப் பெரிய இயந்திரத்துள்ளே அவனுக்கு இடம் எவ்வளவு குறைவு என்பதைக் கண்டேன். அவன் எங்கே பறக்கிறான், எதை எடுத்துச் செல்கிறான் என்பதை அவனை அனுப்பியவர்கள் தீர்மானிக்கிறார்கள். இந்தக் கற்றலினா வகையையே பாருங்கள். போருக்காகக் கடலை வேவு பார்த்த அதே வகை விமானம், 1943 முதல் 1945 வரை, ஆவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் கொக்கலவுக்கும் இடையே 3,500 மைலுக்கு மேற்பட்ட கடலைத் தரிக்காமற் கடந்து கடிதங்களைச் சுமந்தது. குவாண்டாஸ் நிறுவனம் நடத்திய அச்சேவையிற் பயணம் 27 முதல் 33 மணி நேரம்வரை செல்லும். பயணிகள் மூவருக்கு மேல் இடமில்லை. வழியில் இருமுறை சூரியோதயம் காண்பர். ஆகையால் அதை இரட்டைச் சூரியோதயம் என்று அழைத்தனர். போர் முடிந்தபின் கற்றலினாக்கள் காட்டுத்தீயின்மேல் நீர் பொழியவும் பயன்பட்டன.

இதனால் என் அச்சம் முற்றாக நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். தாழப்பறக்கும் விமானத்தின் ஒலி கேட்டால் இன்றும் என் பேச்சு ஒரு கணம் நின்றுவிடும். என் மாணவர்கள் அதைக் கவனித்திருக்கிறார்கள். காரணம் அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

பெட்டியை ஏன் திறந்தேன் என்ற கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. பூட்டி வைப்போரை நான் குறைகூறவில்லை. அவர்கள் இல்லையேல் இப்பொழுதுபோக்கின் வரலாறே அழிந்துவிடும். அரும்பொருட்காட்சிச்சாலையில் ஒரு பெட்டி திறக்கப்படாமல் இருக்கத்தான் வேண்டும். ஆனால் என்னிடம் வந்தது அரும்பொருளாக வரவில்லை. ஒரு மனிதர் செய்ய எண்ணிச் செய்யாமல் விட்ட வேலையாக வந்தது. நீராவது செய்யும் என்று மாமி சொன்னார். விற்றுவிடும் என்றோ வைத்திரும் என்றோ சொல்லவில்லை. என் கையும் இன்னும் சில ஆண்டுகளே நடுங்காமல் இருக்கும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான் கத்தியை எடுத்தேன்.

ஐந்து மாதத்தில் விமானம் முடிந்தது. குறையின்றி அமைந்தது என்று சொல்வதற்கில்லை. உடலின் பக்கங்களில் நீர்த்துளிபோலப் புடைத்து நிற்கும் இரு தெளிந்த சாளரங்களில் ஒன்றன் ஓரத்தில், எவ்வளவு கவனமாக இருந்தும், சிறு பசைக்கறை பட்டுவிட்டது. மிக நுண்ணிய அரத்தாளாலும் பின்னர் பற்பசையாலும் மெதுவாகத் தேய்த்தேன், பெரும்பகுதி போய்விட்டது. ஒரு மங்கல் மட்டும் இருக்கிறது. பன்னிரண்டு வயதில் இந்த உபாயம் தெரிந்திருந்தால் ஸ்பிற்பயரைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் அதில் மாமா கண்ட கையெழுத்து இல்லாமற் போயிருக்கும்.

படமெடுத்து மாமிக்கு அனுப்பினேன். அன்றிரவே தொலைபேசியில் அழைத்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “தம்பி, பெட்டியிலுள்ள படத்தில் சக்கரம் இருந்ததே, எங்கே?” என்று கேட்டார். ஐம்பது ஆண்டுகளாக அந்தப் பெட்டியை அலுமாரியில் தூசு தட்டி வைத்தவருக்கு அது தெரியாமலா இருக்கும்! கொக்கல வாவியையும் அந்த ஒன்பது பேரையும் பற்றி அவருக்குச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “உம்முடைய மாமாவுக்கு இது தெரிந்திருக்காது, தெரிந்திருந்தால் அப்போதே செய்திருப்பார்” என்றார்.

நேயர்களே, உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கக்கூடும். விமானமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. பாதி தைத்த துணியாகவோ, நரம்பு அறுந்த வீணையாகவோ, எழுதத் தொடங்கி நின்ற குறிப்பேடாகவோ இருக்கலாம். பசையைப் பூசுமுன் துண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள், ஒரு மாலைக்கு ஒரு வேலை போதும், யன்னலைத் திறந்துவையுங்கள். கை நடுங்கத் தொடங்குமுன் தொடங்கிவிடுங்கள்.